தார் ஒட்டிய கல்

கடலோரப் பக்கம் பூமிக்கடியில் கிடக்கும் பழைய மணற்கல், எந்த மலை கரைந்து வந்த மணலால் ஆனது என்பதுதான் என் ஆராய்ச்சி. ஜவ்வாது மலையேதான் என்று என் வழிகாட்டிப் பேராசிரியர் முன்பே முடிவு கட்டிவிட்டார். மலையைப் பார்த்தது அதற்கப்புறம்தான். பார்த்தார் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது.

ஆலங்காயத்தில் ஜீப் பிடித்தோம். நெல்லிவாசல் போகும் வழியெல்லாம் வெளிநாட்டு மாநாடுகளில் போட்ட சாப்பாட்டைப் பற்றியே பேசிவந்தார். ஒரு வளைவில் வண்டியை நிறுத்தச் சொல்லி, சாலையோரக் கற்குவியலைக் கைகாட்டினார்.

“அதுல நாலு எடுத்துப் பையில போடும்மா. போதும்.”

ஒரு கல்லில் தார் ஒட்டியிருந்தது. ரோடு போட எந்த ஊர்க் குவாரியிலிருந்தோ லாரியில் வந்த ஜல்லி.

“சார், இது இந்த மலைக் கல்லே இல்ல. தார் இருக்கு பாருங்க.”

“கழுவிட்டாப் போச்சு.”

அந்த ஆளிடம் அதற்குமேல் என்ன பேச? நாலு ஜல்லியைப் பையில் போட்டுவிட்டு, சுத்தியலை எடுத்துக்கொண்டு சரிவில் ஏறினேன். டிரைவர் பையைத் தூக்கிக்கொண்டு கூட வந்தார்.

“இன்னாங்க மேடம், சார் எறங்க மாட்டாரா?”

“வெயில் ஒத்துக்காதாம்.”

“வெயிலா? மானமே மூடிக்கினு இருக்குது!”

பாறையின் மேல்தோல் பழுப்பேறி, தொட்டால் உதிர்ந்தது. உள்ளே கல் இரும்பாக இருந்தது. இரண்டையும் எடுத்தேன். மழைக்கும் வெயிலுக்கும் எந்தக் கனிமம் முதலில் களிமண்ணாகிறது என்று தெரிந்தால்தான், மணற்கல்லில் மிஞ்சியதை வைத்து அந்தக் கால மழையைக் கணிக்க முடியும். இறங்கி வந்தபோது பேராசிரியர் வாயைத் திறந்துவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

ஆய்வகத்தில் ஜல்லியையும் சேர்த்தே சோதிக்கச் சொன்னார். மலைக்கல் மணற்கல்லோடு அரைகுறையாகத்தான் ஒத்துப்போனது. ஜல்லி அச்சு அசலாகப் பொருந்தியது. மனிதர் முகத்தில் அப்படியொரு பூரிப்பு!

“பாத்தியா? இதையே போட்டுடு.”

“எங்கிருந்து வந்ததுன்னே தெரியாத கல்லு சார்.”

“அது உனக்கும் எனக்கும்தானே தெரியும்?”

என் பெயரையும் சேர்த்தே கட்டுரையை அனுப்பிவிட்டார். அந்த ஆய்வுப் பத்திரிகைக்கு எழுதி என் பெயரை நீக்கச் சொன்னேன். நன்றி கெட்டவள் என்று துறை முழுக்கப் பேசித் திரிந்தார். கட்டுரை அச்சானது. அதற்காக அவருக்குச் சால்வையும் போட்டார்கள். போர்த்திக்கொள்ளக் கூச்சப்பட்டால்தானே!

வேறொரு வழிகாட்டியிடம் என் ஆய்வு தாமதமாக முடிந்தது. மணலில் ஒரு பகுதிதான் ஜவ்வாதுப் பக்கத்தது. மிச்சம் இன்னும் தொலைவிலிருந்து, மழை குறைந்த காலத்தில் வந்து சேர்ந்தது.

இப்போது கருத்தரங்குகளில் என்னைக் கண்டால், அந்தப் பழைய பேராசிரியர் “நம்ம ஸ்டூடண்ட்தான்” என்று தோளை நிமிர்த்துகிறார்.

“இல்லைங்க” என்று சொல்லிவிட்டு டீ எடுக்கப் போய்விடுவேன்.