சந்தை நாளில் மறித்த சாலை

எங்கள் ஊர் வழியாகப் போகும் மாநில நெடுஞ்சாலையை அகலப்படுத்தி, அதில் சுங்கச்சாவடி வைக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்த மாதத்தில் என் மகள் என் ஓரகத்தியின் மகளாக மாறிப்போனாள்.

ஓரகத்தி என் கணவருடைய தம்பி மனைவி. அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். தக்காளி வியாபாரம் செய்கிறாள். தக்காளி விளையும் காட்டுக்கே போய்ப் பெட்டி பெட்டியாக வாங்கி, குட்டியானை என்று எல்லோரும் சொல்லும் சின்னச் சரக்கு வண்டியில் ஏற்றி, தானே ஓட்டிக்கொண்டு போய் மார்க்கெட்டில் போடுவாள். அவளுக்கு இரண்டும் பையன்கள், வெளியூரில் ஹாஸ்டலில் இருக்கிறார்கள். நான் பக்கத்துத் தனியார் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. எனக்கு ஒரே மகள். தருமபுரியில் கல்லூரிக் கடைசி வருஷம் படிக்கிறாள். படிப்பு முடிந்ததும் அவள் அரசுத் தேர்வு எழுத வேண்டும் என்பது, அவள் பாவாடை சட்டை போட்ட காலத்திலேயே எங்கள் வீட்டில் முடிவான விஷயம். வேலை கிடைக்கும் நேரத்தில் போலீஸில் விசாரிப்பார்கள். ஒரு வழக்கு இருந்தால் போதும். இந்தப் பயத்தை நான் அவளிடம் சொல்லாத நாள் கிடையாது.

தேசிய நெடுஞ்சாலையில் ஏறினால் சுங்கம் கட்ட வேண்டும் என்பதால்தான் எங்கள் பக்கத்துச் சனம் இந்தச் சாலையில் போய்வருகிறது. இப்போது இதையும் தனியாரிடம் விட்டு, அகலப்படுத்தி, கட்டணம் வாங்கப் போவதாகச் சொன்னார்கள். சாவடி வரப்போகும் இடம் எங்கள் ஊருக்கும் சந்தைக்கும் நடுவில் என்று தெரிந்ததும் ஊர் கொதித்தது.

என் கணவர் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். அப்படி ஒரு ஞாயிறு, சாப்பிட்டுக்கொண்டே மகளைச் சீண்டினார்.

“ரோடு நல்லா இருக்கணும், ஆனா யாரும் காசு குடுக்கக் கூடாது. அப்பறம் கவர்மெண்டு எங்கிருந்து போடும்?”

“வண்டி வாங்கறப்பவே ரோடு வரி கட்டறோம்ல. பெட்ரோல் போடறப்பவும் கட்டறோம். அதெல்லாம் எங்க போச்சுன்னு மொதல்ல கேளுப்பா.”

“அது ஆஸ்பத்திரிக்குப் போவுது, பள்ளிக்கூடத்துக்குப் போவுது. கஜானாவுல ரோட்டுக்குன்னு தனி உண்டியலா வச்சிருக்காங்க?”

“வைக்கச் சொல்லித்தான் கேக்கறோம். சித்தி என்ன சொன்னாங்கன்னா...”

“சித்தி தக்காளி வெல சொன்னாளா?” என்று நான் குறுக்கே விழுந்தேன்.

மகள் என் பக்கம் திரும்பினாள். “சரி, நீ சொல்லு. டோல் வேணுமா, வேணாமா?”

நல்ல சாலை வந்தால் விபத்து குறையும், கொஞ்சம் கட்டினால்தான் என்ன என்று ஏதோ சொன்னேன். உண்மையில் எனக்கு அதில் கருத்து எதுவும் இல்லை. அவள் சித்தி எந்தப் பக்கமோ, அதற்கு எதிர்ப்பக்கம் என் பக்கம். அவ்வளவுதான்.

பஸ் நிறுத்தத்தில் ஒரு நாள் கூட்டம் போட்டார்கள். நான் எதிர்ப்புற டீக்கடை ஓரம் பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் போல நின்று பார்த்தேன். ஓரகத்தி மைக்கைப் பிடித்தால் எல்லாவற்றையும் மாற்றி மாற்றித்தான் சொல்வாள். நெடுஞ்சாலைத் துறையைத் திட்ட வேண்டிய இடத்தில் மின்வாரியத்தைத் திட்டுவாள். அன்றைக்கு, பார்லிமெண்டில் நம் எம்.எல்.ஏ. ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற என் மகள் எட்டி அவள் காதில் ஏதோ சொன்னாள்.

“ஆங், என் புள்ள சொல்றா, பார்லிமெண்டு இல்லையாம், சட்டசபையாம். எங்கயோ ஒரு எடத்துல வாயத் தொறக்கட்டும், நமக்கு அது போதும்.”

கூட்டம் சிரித்தது. என் மகள் எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தாள். வீட்டில் நான் ஒரு சொல்லைத் தவறாகச் சொன்னால், “வெளிய டீச்சர்னு சொல்லிக்காதம்மா” என்பவள் அவள். அங்கே அதே வாய் எவ்வளவு பிரியமாகத் திருத்தியது. ‘என் புள்ள’ என்று ஓரகத்தி மைக்கில் சொன்னது டீக்கடை வரைக்கும் கேட்டது. அப்போது வந்த பஸ்ஸில் ஏறாமல் அங்கேயே நின்றேன்.

சாலை மறியலுக்கு நாள் குறித்ததும் ஓரகத்திதான். காரிமங்கலம் சந்தை நாளைச் சொன்னாள். எங்கள் பக்கத்தில் எதற்குமே அப்படித்தான். பெண் பார்க்கப் போவதோ, பங்காளிச் சண்டையைப் பேசித் தீர்ப்பதோ, சந்தை நாள் என்றால் எல்லோரும் வருவார்கள் என்று அதையே வைப்பார்கள். சந்தைக்குப் போகிறவர்கள் விற்கப் போகிறார்கள், அவர்கள் ரோட்டில் உட்கார மாட்டார்கள் என்பது வியாபாரியான அவளுக்கே தோன்றவில்லை. வேறு யாருக்கும் தோன்றவில்லை.

மறியல் அன்று காலை, “ரெக்கார்டு நோட்டுல கையெழுத்து வாங்கணும்” என்று சொல்லிவிட்டு மகள் கிளம்பினாள். நான் நம்பிப் பள்ளிக்குப் போனேன்.

இடைவேளையில் எங்கள் தெருப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. குட்டியானை தக்காளிப் பெட்டிகளோடு சாலைக்குக் குறுக்கே நிற்கிறது. அதன் முன்னால் தார் ரோட்டில் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆடு ஏற்றிய வண்டியிலிருந்து ஒருவர், “உங்க போராட்டத்த நாளைக்கு வச்சிக்குங்கம்மா, என் ஆடு வெயில்ல சாவுது” என்று கத்துகிறார். முருங்கைக்காய்க் கட்டு வைத்த மொபெட்காரர் ஒருவர் அதைவிடக் கெட்ட வார்த்தையில் கத்துகிறார். அவரைச் சமாதானப்படுத்துகிறவளாக, கோஷம் எழுதிய அட்டையைக் கையில் பிடித்தபடி, என் மகள். அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு லாரி திரும்பிப் போவதற்காகப் பின்னோக்கி வருகிறது. அவள் பார்க்கவில்லை. ஓட்டுநரும் பார்க்கவில்லை. இடது ஓரத்திலிருந்து ஒரு கை நீண்டு அவள் சடையைப் பிடித்து இழுக்கிறது. இரண்டு பேரும் விழுகிறார்கள். கீழே கிடந்த அட்டையின் மேல் சக்கரம் ஏறுகிறது.

அந்தக் கையின் மணிக்கட்டில் ரப்பர் பேண்டுகள் இருந்தன. மார்க்கெட்டில் ரூபாய்க் கட்டுக்குப் போடுவதை ஓரகத்தி அங்கேயே மாட்டி வைத்திருப்பாள். முகம் தெரியாவிட்டாலும் அது யார் கை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

முதலில், உயிரோடு இருக்கிறாள் என்று மூச்சு வந்தது. அடுத்து வந்ததை அழகுபடுத்திச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அது ஏன் என் கையாக இல்லை என்றுதான் வந்தது. பெற்றவள் நான் வகுப்பறையில் மண்புழுவுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தேன். ஓரகத்தி அங்கே இருந்தாள். இன்றைக்கும் லாரி பின்னால் வரும்போது போடுகிற அந்தப் பீப் சத்தம் கேட்டால் என் கை எதையாவது பிடித்துக்கொள்கிறது. அதற்குப் பின்னாலேயே இந்த எண்ணமும் வந்துவிடுகிறது.

தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். அதற்குள் எல்லோரையும் கைது செய்து ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருந்தார்கள். மறியல் என்றால் வழக்கம் அதுதானே. காலையில் பிடித்து, மதியம் சோறு போட்டு, சாயங்காலம் விடுவார்கள். வாசலில் முந்தின நாள் கல்யாணத்து வாழைமரம் வாடித் தொங்கியது.

“என் பொண்ணு உள்ள இருக்கா. காலேஜ் படிக்கறா. அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க,” என்றேன் பெண் காவலரிடம்.

“எல்லா அம்மாவும் இதையேதான் சொல்றாங்க. இன்னும் பேர் எழுத ஆரம்பிக்கல. கூட்டிட்டுப் போறதா இருந்தா சீக்கிரம் கூட்டிட்டுப் போங்க.”

உள்ளே மணமேடைப் படியில் ஓரகத்தி உட்கார்ந்திருந்தாள். என் மகள் அவள் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். சடை இழுபட்ட இடத்தை ஓரகத்தி விரலால் நீவிக்கொண்டிருந்தாள்.

“எழுந்திரு. போலாம்.”

“எல்லாரையும் விடறப்பதான் வருவேன்.”

“ரெக்கார்டு நோட்டுல கையெழுத்து வாங்கிட்டியா?”

ஓரகத்திதான் பேசினாள். “அக்கா, திட்டறதா இருந்தா என்னத் திட்டுங்க. நான் காலைலயே பஸ்ஸு ஏத்தி வுட்டேன். அடுத்த ஸ்டாப்புல எறங்கி நடந்து வந்துட்டா.”

“நீ சொன்னா கேக்காதவளா? நான் சொன்னாத்தான கேக்க மாட்டா.”

“எங்க கேக்கறா? ஏதாச்சும் புத்தி சொன்னா, எங்கம்மா மாதிரி ஆரம்பிக்காத சித்தின்னு வாய அடைக்கறா.”

சுற்றி இருந்த பெண்கள் சிரித்தார்கள். ஓரகத்தி மகளைத் தட்டி எழுப்பினாள். “போ பாப்பா. பரீட்ச எழுதற புள்ள, ஒம் பேரு இதுல இருக்க வேணாம். அம்மாகூட வூட்டுக்குப் போ.”

“போக மாட்டேன் சித்தி.” சொன்னவள் சித்தியின் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டாள். சின்ன வயதில் ஊசி போடப் போனால் என் முந்தானையை அப்படித்தான் சுற்றுவாள்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் போய் உட்கார்ந்தேன். இடம் போதவில்லை. இரண்டு பேரும் நகர வேண்டியிருந்தது.

பேர் எழுத வந்த பெண் காவலர் என்னைப் பார்த்து நின்றார். “நீங்க கூட்டிட்டுப் போக வந்தவங்கதான?”

“எம் பேரையும் எழுதிக்குங்க.”

“டீச்சரையும் எழுதுங்க மேடம்,” என்றாள் பின்னால் ஒருத்தி. “அடுத்த தடவ எங்க அட்டையில எழுத்துப்பிழை இருக்காது.”

“நீ எதுக்கும்மா?” என்றாள் மகள். பள்ளியில் தாளாளர் என்ன கேட்பார் என்பது அவளுக்கும் தெரியும். சாலைக்காக உட்கார்ந்தேன் என்று அங்கே இருந்தவர்கள் நினைத்தார்கள், இன்றும் நினைக்கிறார்கள். வழக்கு என்று ஒன்று வந்தால், அதில் என் மகள் பெயருக்கு அடுத்து இன்னொருத்தி பெயர் மட்டும் இருப்பதை என்னால் தாங்கியிருக்க முடியாது.

மதியம் எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலம் வந்தது. மொய் வைக்காமல் மண்டபத்தில் சாப்பிடுவது இதுதான் முதல் தடவை என்று ஒரு பெண் சொல்ல, சாம்பார் இல்லாத கல்யாணத்துக்கு மொய் ஒரு கேடா என்று இன்னொருத்தி கேட்டாள். எனக்குப் பொட்டலத்து நூலை அவிழ்க்க வரவில்லை. மகள் கவனித்துவிட்டாள்.

“வீடியோ பாத்தியா?”

“ம்.”

“எத்தன தடவ பாத்த?”

“சாப்புடு.”

என் பொட்டலத்தை வாங்கி அவிழ்த்துக் கொடுத்தாள். அப்போதுதான் ஓரகத்தியின் முழங்கையைப் பார்த்தேன். தோல் உரிந்து மண் ஒட்டியிருந்தது. நன்றி என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். “கழுவுனியா?” என்றுதான் கேட்க வந்தது.

“அது கெடக்குதுக்கா. தக்காளிதான் போச்சு. வண்டியோட ஸ்டேஷன்ல நின்னு வேகுது.”

சாயங்காலம் எல்லோரையும் விட்டார்கள். அவள் வண்டியை மட்டும் உடனே விடவில்லை. பர்ஸும் அதற்குள்தான். “நீங்க கெளம்புங்க, நான் யார்கூடயாச்சும் வரேன்” என்றாள். மகள் ஸ்கூட்டரில் ஏறவில்லை. ஓரகத்தியை விட்டுவிட்டுப் போனால் மகள் உடம்பு மட்டும்தான் என்னோடு வரும் என்று எனக்குத் தெரிந்தது.

“ஏறு,” என்றேன் ஓரகத்தியிடம்.

“மூணு பேராக்கா?”

“ஏறுன்னு சொல்றேன்ல.”

வாசலில் நின்ற பெண் காவலர் பார்த்தார். “இப்பத்தான் விட்டோம். அதுக்குள்ள ட்ரிபிள்ஸா?”

“ரோடு இன்னும் எங்களுதுதான மேடம்,” என்றாள் ஓரகத்தி. அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார்.

முன்னால் நான், நடுவில் மகள், பின்னால் அவள். அகலப்படுத்தப் போவதாகச் சொல்கிற அதே சாலை. சாவடி இதுவரை வரவில்லை, வராது என்றும் யாரும் சொல்லவில்லை. என்னைப் பள்ளியில் கூப்பிட்டுக் கேட்டார்கள், எச்சரித்து விட்டுவிட்டார்கள். வழக்கு என்று எதுவும் இன்னும் வரவில்லை. இதெல்லாம் பின்னால் தெரிந்தவை. அன்றைக்கு லாரி ஒவ்வொன்றும் கடக்கும்போது ஸ்கூட்டரை மண் ஓரத்துக்கு இறக்கி, அது போன பிறகு ஏற்றி, அப்படியேதான் ஓட்டினேன்.

மகளின் இரண்டு கைகளும் என் இடுப்பைச் சுற்றியிருந்தன. கொஞ்ச தூரத்தில் அவள் தூங்கிவிட்டாள் என்று பின்னாலிருந்து ஓரகத்தி மெல்லச் சொன்னாள். என் முதுகில் அவள் தலை இல்லை. அவள் பின்பக்கம் சித்தி மேல் சாய்ந்திருக்கிறாள் என்று புரிந்தது. திரும்பிப் பார்க்க முடியாது. கண்ணாடியில் பார்த்தால் என் தோள் மட்டும் தெரிந்தது.

“புடிச்சிருக்கியா அவள?” என்றேன்.

“கெட்டியாப் புடிச்சிருக்கேன்க்கா. நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க.”