வென்டலின் 'தெரியாது'

வென்டல் ஸ்ட்ராண்ட் நிஜமாகவே ஒரு மனிதர்தானா, இல்லை பிடிவாதத்துக்குச் சட்டை மாட்டி அனுப்பிவைத்திருக்கிறார்களா என்று எனக்குப் பல தடவை சந்தேகம் வந்ததுண்டு. மினசோட்டாவில் ஹார்லோ ஃபால்ஸ் என்ற சின்ன ஊரின் குடிநீர் அலுவலகத்தில் அவர் புரோகிராமர். கணினிக்கு நிரல் எழுதும் மொழி ஒன்றின் அடுத்த பதிப்பில் என்னென்ன புதிதாகச் சேர்க்கலாம் என்று கூடிப் பேசிக் கைதூக்கி முடிவு செய்யும் குழு எங்களுடையது. நான் அதில் குறிப்பெடுப்பவள். மற்றவர்களைப் பெரிய கம்பெனிகள் செலவு செய்து அனுப்பும். வென்டல் மட்டும் சொந்த லீவில், சொந்தக் காரில், மனைவி ஆர்லீன் சுட்டுக் கொடுத்த உருளைக்கிழங்கு ரொட்டிப் பொட்டலத்தோடு வந்து இறங்குவார்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. எங்கள் மொழியில், எண் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தால் கணினி அதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். அது தப்பு, 'தெரியாது' என்று தனியாக ஒரு மதிப்பு வேண்டும், அதோடு எதைக் கூட்டினாலும் விடையும் 'தெரியாது' என்றே வர வேண்டும் என்பார்.

சும்மா வந்த ஆசை இல்லை அது. ஒரு குளிர்காலத்தில் மிஸஸ் டால்பெர்க் என்ற பியானோ டீச்சர் வீட்டு மீட்டர் பனியில் புதைந்துபோனது. அளவெடுக்க வந்தவர் அந்த இடத்தைக் காலியாக விட்டார். வென்டல் எழுதிய புரோகிராம் காலியைப் பூஜ்யமாக்கியது. சில மாதம் பூஜ்யமாகவே வரவும், ஆளில்லாத வீடு என்று அலுவலகம் தண்ணீரை நிறுத்திவிட்டது. அந்த அம்மாள் வாளியோடு பக்கத்து வீட்டுக்குப் போகும்போது உறைபனியில் வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்தது. முதியோர் இல்லத்துக்குப் போனவர் வீடு திரும்பவே இல்லை. யாரும் வென்டலை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மனுஷன் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

குழுவில் அவரை விடாமல் எதிர்த்தவர் கனடாவின் ஹாலிஃபாக்ஸிலிருந்து வரும் கில்லிஸ். ஆர்லீனின் ரொட்டியை முதலில் எடுப்பதும் அவர்தான், வென்டலுக்கு எதிராக முதலில் கை தூக்குவதும் அவர்தான்.

"ஏய்யா, ஒரு வீட்டு மீட்டர் பனியில புதைஞ்சா ஊர் மொத்தக் கணக்கும் 'தெரியாது'ன்னு வரணுமா? அப்புறம் எவன்யா உன் மொழியில எழுதுவான்?" என்பார் கில்லிஸ்.

"தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றதுக்கு உனக்கு ஏன்யா வலிக்குது? வாயில ரொட்டியை வெச்சுக்கிட்டே என் கழுத்தை அறுக்கிறியே!"

"ரொட்டி நல்லாயிருக்கு. உன் யோசனை நல்லாயில்ல."

கூட்டத்துக்குக் கூட்டம் இதே கூத்து. கில்லிஸ் பின்னால் இன்னும் சிலர் கை தூக்குவார்கள், முன்மொழிவு தள்ளிப்போகும். வென்டல் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "அடுத்த தடவை பாத்துக்கறேன்" என்று கிளம்பிவிடுவார்.

மில்வாக்கி கூட்டத்துக்கு அவர் சக்கர நாற்காலியில் வந்தார். மூக்கில் ஆக்சிஜன் குழாய். நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. ஆர்லீன்தான் தள்ளிக்கொண்டு வந்தாள். எவ்வளவு நாள் என்று எங்களில் ஒரு மடையன் கேட்டே விட்டான். "டாக்டர் தெரியாதுன்னாரு. பூஜ்யம்னு எழுதாம விட்டாரே, நேர்மையான ஆளு" என்று வென்டல் சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

வரும் பதிப்பில் எதையும் சேர்க்க அதுதான் கடைசிக் கூட்டம். வென்டல் மூச்சு வாங்கி வாங்கிப் பேசி முடித்தார். ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. தலைவர் லொரேன் ஆதரவு கேட்டதும் அறை முழுக்கக் கை எழும்பியது. கில்லிஸின் கையும்தான். சுவரோரம் உட்கார்ந்திருந்த ஆர்லீன் வாயைப் பொத்திக்கொண்டாள். அடேயப்பா, ஒருவழியாகக் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

வென்டல் கில்லிஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கில்லிஸ், கையைக் கீழ போடு."

"ஏன்யா?"

"போன தடவை எதிர்த்த. அதுக்கப்புறம் நான் ஒரு வரிகூட மாத்தல. உனக்கு என்ன புதுசாப் புரிஞ்சுது, சொல்லு."

கில்லிஸ் கையை மெல்ல இறக்கினார்.

"மாறினது என் நுரையீரல்தான். அதுக்கு ஓட்டுப் போடாதீங்க. இந்த மொழியில ஊரூரா எழுதப்போறாங்க. என் மேல இரக்கப்பட்டு உள்ள விட்ட ஒண்ணு நாளைக்கு எவன் தலையில விடியுமோ, யார் கண்டா?" அவர் கொஞ்ச நேரம் மூச்சுக்குப் போராடினார். "லொரேன், இந்தப் பதிப்பிலேர்ந்து எடுத்துக்கறேன். அடுத்த பதிப்புக்கான வரிசையில போடுங்க."

அடுத்த பதிப்புக்கு அவர் இருக்க மாட்டார் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும்தான்.

வெளியே வராந்தாவில் ஆர்லீன் என்னைப் பிடித்துக்கொண்டாள். "பொய்யாவே இருந்துட்டுப் போகட்டுமே, ஹெல்கா! வேற என்ன கேட்டாரு இந்த மனுஷன் வாழ்நாள்ல? அந்த கில்லிஸுக்கு ஒழுங்கா நடிக்கக்கூடவா தெரியல?" அவள் தோள் குலுங்கியது. அவள் பக்கம்தான் நியாயம் என்று அப்போது எனக்குப் பட்டது.

ஃபிப்ரவரியில் கில்லிஸிடமிருந்து போன் வந்தது, விமான நிலையத்துக்கு வந்து அழைத்துப் போக முடியுமா என்று. ஹார்லோ ஃபால்ஸ் வரைக்கும் காரில் காகிதத்தில் ஏதோ எழுதிக்கொண்டே வந்தார். வென்டலின் கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை.

"உன் யோசனை உருப்படாது. ஏன்னு சொல்றேன், கேளு."

பிடித்துக்கொண்டது சண்டை. நானும் ஆர்லீனும் சமையலறையில் காப்பியோடு உட்கார்ந்திருந்தோம். பழைய புரோகிராம்கள் எங்கெங்கே உடையும் என்று கில்லிஸ் கத்தினார். "உடையட்டும்யா, அது பொய்க் கணக்கு!" என்று வென்டல் இருமலுக்கு நடுவே பதிலுக்குக் கத்தினார். பாவம், மூச்சு முட்டுகிறதே என்று நான் எழுந்தேன். ஆர்லீன் என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"விடு. ரெண்டு மாசமா எல்லாரும் இந்த வீட்டுக்குள்ள கிசுகிசுன்னுதான் பேசறாங்க" என்றாள்.

கிளம்பும்போது வென்டல், "இதை அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமே, கழுதை" என்றார். கில்லிஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

பனி உருகுவதற்குள் வென்டல் போய்விட்டார்.

கோடைக்கூட்டம் சஸ்கட்டூனில் நடந்தது. ஆர்லீன் இந்தத் தடவையும் ரொட்டி அனுப்பியிருந்தாள், தபாலில். ஒவ்வொரு முன்மொழிவுக்கும் பரிந்து பேச அறையில் ஒரு ஆள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதை வரிசையிலிருந்து எடுத்துவிடுவது எங்கள் வழக்கம். வென்டலுடையது வந்ததும், "இதுக்கு யாராவது பொறுப்பு எடுத்துக்கறீங்களா?" என்று லொரேன் கேட்டாள்.

கில்லிஸ் எழுந்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். பொறுப்பு எடுத்துக்கொள்ளப் போகிறார் என்று நினைத்து அவர் பெயரைக் குறிப்பில் எழுதத் தொடங்கினேன்.

"நான் எதிர்க்கிறேன். இன்னமும் எதிர்ப்புதான். அவன் ஒரு வரிகூட..." அதற்கு மேல் அவரால் முடியவில்லை. உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

வேறு யாரும் எழவில்லை. முன்மொழிவு வரிசையிலிருந்து போனது.

இடைவேளையில் ஆர்லீனுக்குப் போன் செய்தேன். சொல்லாமல் மறைக்க மனம் வரவில்லை.

"வரிசையிலேர்ந்து எடுத்துட்டாங்களா?" என்றாள்.

"எடுத்துட்டோம், ஆர்லீன்."

"கில்லிஸ் என்ன சொன்னாரு?"

"எதிர்த்தாரு."

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "ரொட்டி தின்னாரா?"

"தொடவே இல்ல."

"நான் சொன்னேன்னு சொல்லி, தின்னச் சொல்லு" என்றாள்.