அப்பா கேட்ட ஆமைவேகக் காதல் கதைகள்

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிற இன்று, வீடு தேடி வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் வியாபார நண்பர்களுக்கும் அவருடைய மகளின் வணக்கம். நல்லதாக நாலு வார்த்தை மட்டும் எழுது என்று சித்தப்பா சொல்லியிருக்கிறார். முயற்சி செய்கிறேன். ஆனால் அப்பாவின் கடைசி மாதங்களைப் பற்றி எரிச்சல்படாமல் எழுத என்னால் ஆகாது.

அப்பா பிறந்தது தேவாரத்தில், மலையடிவாரத்தில் விவசாயம் பார்த்த சம்சாரிக் குடும்பத்தில். யானை இறங்கிச் சோளக்காட்டை மிதித்துவிட்டுப் போன ஒரு வருடம், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் போடிக்குப் பஸ் ஏறினார். ஏலக்காய்க் கடையில் மூட்டை தூக்கினார், காய் தரம் பிரிக்கக் கற்றார், ஏலத்தில் உட்காரக் கற்றார். பிறகு சொந்தக் கடை, குரங்கணிக்கு மேலே கொஞ்சம் தோட்டம். மட்டக் காயை நல்ல காயோடு கலந்து விற்றார் என்று இந்த ஊரில் ஒருவரும் சொல்ல முடியாது. மழையில் மலைப்பாதை அடைபட்ட நாள்களில் தோட்டத்து ஆட்களுக்கு அரிசியைத் தலைச்சுமையாகவே கொண்டுபோய்ச் சேர்த்தார்.

இவ்வளவையும் ஓடி ஓடித்தான் செய்தார். எங்கள் வீட்டில் அதிகம் ஒலித்த சொல் "வெரசா". வெரசா சோத்தப் போடு, வெரசா பையக் கொண்டா. சாப்பாடு நின்றுகொண்டே முடிந்துவிடும். அம்மாவைப் பெண் பார்க்கப் போனபோது வாசலில் ஜீப்பை அணைக்கக்கூட இல்லையாம். பார்த்தார், தலையாட்டினார், ஏலத்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார். இந்தக் கதையைச் சொல்லும்போது அம்மா ஒருநாளும் சிரித்ததில்லை.

அப்படிப்பட்டவரை இதயம் பலவீனமாகிவிட்டது, இனி மலை ஏறக்கூடாது என்று டாக்டர் வீட்டோடு உட்கார வைத்தார். சர்க்கரை நோய் கண்ணையும் கெடுத்திருந்தது. டி.வி.யைப் போட்டால் "சும்மா கத்துறாய்ங்க, அமத்து" என்பார். பேப்பர் வாசித்துக் காட்டினேன், கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிட்டது. அண்ணனுக்குச் சென்னைக்கு மாற்றலானபோது மதினி ஒரு அட்டைப்பெட்டி நிறையக் குடும்ப நாவல்களை விட்டுப் போயிருந்தார். வேறு வழியில்லாமல் அதிலிருந்து ஒன்றை எடுத்து வாசிக்க ஆரம்பித்தேன். வினை அங்கேதான் தொடங்கியது.

கதை இதுதான். கோயம்புத்தூரில் ஒரு வீடு. மாடியில் ஒரு எஞ்சினியர், கீழே ஒரு பல் டாக்டர் பெண். இருவருக்கும் ஒருவரையொருவர் பிடித்திருக்கிறது என்று நமக்குத் தெரியும், வீட்டுக்காரருக்குத் தெரியும், தண்ணீர் கேன் போடுகிறவருக்கும் தெரியும். அவர்கள் இருவருக்கு மட்டும் தெரியாது. ஒரு அத்தியாயம் முழுக்க அவன் அவளுடைய குடையைத் திருப்பிக் கொடுக்கப் படியிறங்கி வருகிறான். வந்து பார்த்தால் அவள் வீட்டில் இல்லை. அவ்வளவுதான் அத்தியாயம். வில்லன் கிடையாது, ஓடிப்போவது கிடையாது, ஒரு அடிதடிகூடக் கிடையாது. பகலெல்லாம் ஏலக்காய் ஏல மையத்தில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, கண்மூடித் திறப்பதற்குள் பட்டனை அமுக்கி விலை முடித்துவிட்டு வருகிறவள் நான். இந்தக் குடையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அப்பா கண்ணை மூடிக்கொண்டு, "ஆத்தா, அந்தக் கொடையப் பத்தி இன்னொருவாட்டி படி" என்றார்.

"ஏம்ப்பா, கடைசில ரெண்டு பேரும் சேந்துருவாங்கன்னு அட்டையப் பாத்தாலே தெரியுது. இதுல கேக்க என்ன இருக்கு?" என்றேன்.

"அதேன் ஆத்தா. நல்லபடியா முடியும்னு தெரிஞ்சு போச்சுல்ல, அப்பறம் எதுக்கு வெரசாப் போகணும்? டெஸ்டுக்கு ரத்தத்தக் குடுத்துட்டு ஆசுபத்திரில ஒக்காந்துருக்கோமே, அதுவும் காத்துக்கெடக்குறதுதேன். அதுல என்ன சொல்லப்போறாய்ங்கன்னு தெரியாது. இது அப்பிடியில்ல. இப்பிடிச் சொகமாக் காத்துக்கெடக்க எனக்கு இதுவரைக்கும் வாய்க்கல."

குடையை இன்னொருமுறை வாசித்தேன்.

சில நாள் கழித்து ஒரு பக்கத்தில் அவன் அவளுக்குச் சர்க்கரை போடாமல் டீ போட்டுக் கொடுக்கிறான். அவள் சொல்லவில்லை, அவனாகக் கவனித்து வைத்திருக்கிறான். அப்பா கையைத் தூக்கி என்னை நிறுத்தினார்.

"ஒங்கம்மா காப்பிக்குச் சீனி போடுவாளா?"

"போட மாட்டாங்கப்பா. நான் பொறக்குறதுக்கு முன்னாடியே விட்டாச்சாம்."

அடுப்படியில் மிக்ஸி நின்றது. அம்மா ஈரக் கையோடு வந்து நின்றார்.

"இத்தன வருசமா நின்னு ஒரு வார்த்த பேசாத மனுசன், இப்ப எவளோ ஒருத்தி டீக்குச் சீனி போட்டாளா இல்லையான்னு கண்ணு கலங்குறாரு. என் சீனி இப்ப என்னத்துக்கு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். மிக்ஸி முன்னைவிட அதிகச் சத்தத்தோடு ஓடியது.

அம்மா சொன்னதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை. அது அப்பாவுக்கும் தெரியும். அன்றிலிருந்து அம்மாவிடம் சொல்ல அவருக்கு ஒன்று இருந்தது. சொல்லாமலே போய்விடுவாரோ என்பது என் பயமாக இருந்தது.

மனிதர் நேராகச் சொன்னாரா? இல்லை. நாவல் கதாநாயகன்போல் நடந்துகொள்ளத் தொடங்கினார். அம்மா வந்து உட்காராமல் சோற்றில் கைவைக்க மாட்டார். "பட்டினி கெடந்து என் தலையில பழியப் போடாதீங்க" என்று அம்மா கத்துவார். "நீ வா, சேந்து சாப்புடுவோம்" என்பார். சோறு ஆறி, குழம்பு ஆறி, மாத்திரை நேரம் தவறி, நான் இருவருக்கும் நடுவில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பேன். சின்ன வயதில் அம்மாவுக்கு எந்தப் பாடம் பிடிக்கும் என்று ஒருநாள் கேட்டார். "கணக்கு" என்று அடுப்படியிலிருந்து ஒற்றை வார்த்தை வந்தது. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தார். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்பா, தப்புப் பண்ணிட்டேன், மனசுல வச்சுக்காதன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. சோலி முடிஞ்சுது" என்றேன்.

"வெரசாச் சொன்னா நம்ப மாட்டா ஆத்தா. இம்புட்டு நாளும் எல்லாத்தையும் வெரசாத்தேன சொன்னேன்."

பிறகு தேனியில் ஆஸ்பத்திரி வாசம். வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்று டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தை எடுத்தேன். மாடிவீட்டுக்காரன் வாயைத் திறக்கும் கடைசி அத்தியாயத்தையாவது அப்பா கேட்டுவிடட்டும் என்று நடுவில் உள்ள பக்கங்களை ஒன்றாகப் புரட்டிவிட்டு வாசித்தேன். அப்பா முகம் சுளித்தார். அதற்குள் அடுப்படியிலிருந்து அம்மா வந்துவிட்டார்.

"எதுக்குடி தாவுற? அந்தப் பல் டாக்டர் புள்ள ஊருக்குப் போனது இன்னும் திரும்பி வரல. அதுக்குள்ள கல்யாணத்தப் படிக்கிற?"

அத்தனை நாளும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்! கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, புத்தகத்தை என் கையிலிருந்து பிடுங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரே வாசிக்கத் தொடங்கினார். வரியில் விரலை வைத்து, எழுத்துக் கூட்டாத குறையாக அம்மா வாசித்த வேகத்துக்கு, அந்தக் கதையே எவ்வளவோ தேவலை. போதாததற்கு முந்தின நாள் வாசித்ததை மறுநாள் திரும்பவும் வாசிப்பார். அப்பா அம்மாவின் முகம் இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பார்.

ஒரு பிற்பகலில் அப்பாவின் உயிர் பிரிந்தது. நான் ஏல மையத்தில் இருந்தேன். அம்மா மட்டுமே பக்கத்தில் இருந்தார். புத்தகம் முடியவில்லை.

நேரம் காலம் பாராமல் வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டருக்கும், குரங்கணியிலிருந்து ஜீப் ஜீப்பாக இறங்கி வந்த தோட்டத்து ஆட்களுக்கும், கடையைச் சாத்திவிட்டு வந்து தோள்கொடுத்த வியாபாரிகளுக்கும், எங்கள் வீட்டு அடுப்பு எரியாத நாள்களில் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி. அட்டைப்பெட்டியைத் திருப்பிக் கேட்காத மதினிக்கும் நன்றி. அந்த நாவல்களை எழுதியவர்களுக்கும் நன்றி. இனிமேலாவது குடையை ஒரே பக்கத்தில் கொடுத்துவிடுங்கள்.

ஒரு வருடமாக அம்மாவிடம் கேட்டுப் பதில் வராத கேள்வி ஒன்று என்னிடம் இருந்தது. இதை எழுதி வாசித்துக் காட்டியபோது மறுபடியும் கேட்டேன்.

"கடைசி வரைக்கும் அப்பா சொன்னாரா, சொல்லலையா?"

"சொல்லல."

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அவ்வளவு நாள் பக்கத்துலயே இருந்தும் சொல்லாமலேவா போயிட்டாரு?"

"அவரத் திட்டாத. தெனமும் வாயெடுத்தாரு. நாந்தேன் சொல்லவிடல" என்றார் அம்மா. "சொல்ல வந்ததச் சொல்லிட்டா மறுநிமிசம் கெளம்பிருற மனுசன். இதையுஞ் சொல்லிட்டா கெளம்பிருவாரோன்னு எனக்குப் பயம். நாளைக்குச் சொல்லுங்கன்னேன். அவரு போன அன்னைக்கும் அதத்தேன் சொன்னேன். சரின்னாரு."