சிக் ரூமை விட்டு வெளியே வரும் சிஸ்டர்

பள்ளிக்கூட நர்ஸாகச் சேர்ந்த அன்றே எல்லோரும் நமக்குச் சொல்லித் தருவது ஒன்றுதான்: எதெல்லாம் நம்முடைய வேலை இல்லை என்று. வகுப்புக்குள் போவது நம் வேலை இல்லை. கழிப்பறை நம் வேலை இல்லை. பெற்றோரிடம் பேசுவது வகுப்பு ஆசிரியரின் வேலை. முட்டியில் தோல் உரிந்தால் மருந்து தடவலாம், காய்ச்சல் என்றால் வீட்டுக்கு போன் செய்யலாம், மிச்ச நேரம் சிக் ரூமில் ஃபேனுக்குக் கீழே இருக்கலாம்.

நான் குவைத்தில் ஏழு வருஷம் ஐ.சி.யு.வில் நின்றுவிட்டு ஊருக்கு வந்தவள். ஆரல்வாய்மொழிப் பக்கத்தில் இந்தப் பள்ளியில் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகிறது. சும்மா இருக்கச் சொன்னால் எனக்கு இருப்புக் கொள்ளாது. சக சிஸ்டர்மாரே, கீழே உள்ளதில் பாதியாவது உங்களுக்கும் நடந்திருக்கும். நடக்கவில்லை என்றால் நீங்கள் இன்னும் அந்த ஃபேனுக்குக் கீழேதான் இருக்கிறீர்கள்.

முப்பத்தெட்டாவது ஆள்

ஆறாம் வகுப்பில் சுயம்பு என்றொரு பையன். அவன் நோட்டில் பாதி வரி இருக்கும், பாதி வரி இருக்காது. "இவனுக்க மண்டையில ஒண்ணும் கேறாது சிஸ்டர்" என்று அவன் காது கேட்கவே சொல்வார் வகுப்பு ஆசிரியர். கண் பரிசோதனை அன்று அவன்தான் வரிசையில் கடைசி. இருபது அடி தள்ளி நின்று, அட்டையில் இருந்த ஆங்கில எழுத்துகளை ஒன்று விடாமல் மடமடவென்று சொன்னான். கண்ணைச் சுருக்கிக்கொண்டு சொன்னதால் எனக்குச் சந்தேகம். மறுநாள் தனியே கூப்பிட்டு, அட்டையைத் திருப்பித் தமிழ் எழுத்துப் பக்கத்தைத் தொங்கவிட்டுப் படிக்கச் சொன்னேன். அதே "ஈ, எஃப், பி, டி, ஓ" என்று ஆரம்பித்தான். முன்னால் நின்ற முப்பத்தேழு பேர் சொன்னதைக் கேட்டே மனப்பாடம் செய்திருக்கிறான். இதுதான் மண்டையில் ஒன்றும் ஏறாத பிள்ளை!

அவன் அப்பா தோவாளைச் சந்தையில் பூ வியாபாரம். "இப்பமே கண்ணாடி போட்டா கண்ணு இன்னும் கெட்டுப் போகும்" என்று சொல்லி போனை வைத்துவிட்டார். சனிக்கிழமை காலையில் பஸ் ஏறி அவர் கடைக்கே போனேன். பையனும் அங்கே இருந்தான். "எனக்க மவன் பத்தடி தள்ளி நின்னே பிச்சியா முல்லையான்னு சொல்லிருவான், அவனுக்கா கண்ணு தெரியாது?" என்றார் அப்பா. பிள்ளை மூக்கால் சொல்கிறான் என்பது அவருக்குப் புரியவில்லை. "பூ வேண்டாம் அண்ணே, மூணு விரலைக் காட்டுங்க" என்றேன். காட்டினார். பத்தடி தள்ளி நின்ற சுயம்பு ரொம்ப யோசித்துவிட்டு, "அஞ்சு" என்றான். ஈரக் கையைத் துண்டில் துடைத்துவிட்டு அவன் தலையைத் தடவினார்.

கண்ணாடியோடு வந்த முதல் நாள், மணி அடித்தும் சுயம்பு வகுப்புக்குப் போகவில்லை. மைதானத்தில் நின்று, மலையடிவாரத்தில் சுற்றும் காற்றாலைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் போய்க் கையைப் பிடித்ததும் கேட்டான்: "காத்தாடிக்கு மூணு றெக்கை உண்டா சிஸ்டர்? நான் வெறும் தூணுன்னுல்லா நெனச்சிட்டிருந்தேன்!"

நாற்காலி போட்ட இடம்

ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் ஒருத்தி மாற்றி ஒருத்தி நீர்க்கடுப்பு, அடிவயிற்று வலி என்று வந்தார்கள். அவர்களுடைய தண்ணீர் பாட்டில்களைப் பார்த்தேன். காலையில் வீட்டில் நிறைத்தது சாயங்காலமும் நிறைந்தே இருந்தது. ஏன் குடிக்கவில்லை என்று கேட்டால் தலையைக் குனிந்தார்கள். ஒருத்தி மட்டும் வாய் திறந்தாள். "தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணும்லா சிஸ்டர். அங்க கதவுக்குத் தாழ் கெடையாது." போய்ப் பார்த்தேன். நாலு கதவு. நாலிலும் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஆணி ஓட்டை மட்டும்தான் இருந்தது.

தலைமை ஆசிரியரிடம் சொன்னேன். "அது உங்க சோலி இல்லை சிஸ்டர், கமிட்டியில வைக்கணும்" என்றார். கமிட்டி இரண்டு தடவை கூடிக் கலைந்தது. மூன்றாவது வாரம் சிக் ரூமில் இருந்த மேசை, நாற்காலி, ரிஜிஸ்டர், மருந்துப் பெட்டி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போய், மாணவிகளின் கழிப்பறைக்கு நேர் எதிரே வேப்ப மரத்தடியில் போட்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு பிள்ளை உள்ளே போகும்போதும் எழுந்து போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காய்ச்சல்காரனும் முட்டி உடைந்தவனும் மரத்தடிக்குத்தான் வரவேண்டும். தலைமை ஆசிரியர் ஓடி வந்தார். "வெளியேருந்து வாறவங்க பாத்தா என்ன நெனப்பாங்க?" "கேட்டா உள்ளதச் சொல்லுவேன் சார்" என்றேன்.

இரண்டு நாள் இப்படிப் போயிற்று. நாலாம் நாள் பெற்றோர் கூட்டம் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் மத்தியானமே ஆசாரி வந்துவிட்டார். ஒரு மணி நேர வேலைதான். முடிந்ததும் நாலு கதவையும் உள்ளே போய்த் தாழிட்டுத் திறந்து பார்த்தேன். தலைமை ஆசிரியர் பக்கத்தில் வரக் கூச்சப்பட்டுக்கொண்டு வராந்தாவில் நின்றே சத்தம் கொடுத்தார்: "தாழ் போட்டாச்சுல்லா, இனியாவது எழும்புங்க சிஸ்டர்!"

அபிஷாவின் மூன்றாவது வயிற்று வலி

என் சாமர்த்தியத்தையே சொல்லிக்கொண்டிருந்தால் அது நேர்மை இல்லை. பத்தாம் வகுப்பு அபிஷாவுக்குக் கணக்குப் பரீட்சை அன்றைக்கு மட்டும் வயிறு வலிக்கும். இரண்டு தடவை படுக்க வைத்தேன். பரீட்சை முடிந்த மணி அடித்ததும் வலியும் போய்விட்டது. மூன்றாம் தடவை வந்தபோது கையைக்கூட வைத்துப் பார்க்காமல், "போய் எழுது மக்கா" என்று திருப்பி அனுப்பினேன். அரை மணி நேரத்தில் இரண்டு பிள்ளைகள் அவளைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். வலது பக்க அடிவயிற்றைத் தொட்டதும் துள்ளிவிட்டாள். நாகர்கோவிலுக்குப் போகிற வழியெல்லாம் ஆட்டோவில் அவள் தலை என் மடியில் இருந்தது. அவளுக்குக் கேட்காமல் என்னை நானே திட்டிக்கொண்டேன். குடல்வால் அழற்சி. அன்றைக்கே ஆபரேஷன் செய்தார்கள். பிழைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து 'நடிப்பு' என்ற சொல்லுக்கு என் அறையில் இடம் இல்லை. சொன்னவர் யாராக இருந்தாலும் வெளியே அனுப்பிவிடுவேன், விளையாட்டு ஆசிரியரையே அனுப்பியிருக்கிறேன். பத்து நாள் கழித்து அபிஷா வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போனேன். அம்மா காப்பி போட உள்ளே போன நேரம் பார்த்து அவள் என் காதோடு சொன்னாள்: "அண்ணைக்கு நெசமாவே வலிச்சுது சிஸ்டர். மத்த ரெண்டு நாளுந்தான் சும்மா."

மஸ்கட்டிலிருந்து ஒரு சத்தம்

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ரணஜன்னிக்கு, அதாவது டெட்டனஸுக்கு, தடுப்பூசி போடும் நாள். சுகாதார நிலையத்தில் இருந்து ஆட்கள் வந்து இறங்கியாயிற்று. ஒரு தாய் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அதில் அவர் கணவர் மஸ்கட்டில் இருந்து சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். வாட்ஸ்அப்பில் என்னவோ பார்த்திருக்கிறார். "எனக்க பிள்ளை மேல ஊசி பட்டா கேஸ் கொடுப்பேன்!" "நீங்க சம்மதிக்காம போட மாட்டோம் அண்ணே" என்றேன். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. வெளிநாடு போகுமுன்னே மெடிக்கல் எடுத்தீங்களா?" எடுத்தேன் என்றார். "ஊசி போட்டாங்களா?" "கம்பெனி சொன்னா போட்டுத்தான ஆகணும்?" "கம்பெனி சொன்னா கையை நீட்டுவீங்க. பிள்ளைக்கு நல்லதுன்னு நான் சொன்னா கேஸ் கொடுப்பீங்க, அப்படித்தான?"

போனில் அவருக்குப் பின்னால் யாரோ கூட்டாளிகள் சிரிப்பது கேட்டது. பிறகு அந்த ஊசியில் என்ன இருக்கிறது, போட்டால் என்ன ஆகும், போடாவிட்டால் என்ன ஆகும் என்று பொறுமையாகவே சொன்னேன். பெண் குழந்தை அதற்குள் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அப்பாவின் குரல் இறங்கி வந்தது: "செரி, போடுங்க. ஆனா போடும்போது போனை அந்தப் பக்கம் திருப்பிருங்க, எனக்கு ஊசியைக் கண்டா தலை சுத்தும்."

இரண்டு பிஸ்கட்

எட்டாம் வகுப்பு ஆதிராவுக்கு ஒன்பது வயதில் இருந்தே சர்க்கரை நோய். தினமும் மத்தியானம் என் அறையில் திரைக்குப் பின்னால் இன்சுலின் போட்டுக்கொள்வாள். அவள் அம்மா என்னிடம் முதல் நாளே சொல்லிவிட்டார்: "யாருகிட்டயும் சொல்லாதீங்க சிஸ்டர். நாளைக்குக் கெட்டிக் குடுக்க வேண்டிய பிள்ளை." வகுப்பு ஆசிரியருக்காவது சொல்லவேண்டும் என்று கெஞ்சிப் பார்த்தேன். கேட்கவில்லை.

அரையாண்டுப் பரீட்சை அன்று வினாத்தாள் தாமதமாக வந்து, பரீட்சை சாப்பாட்டு நேரத்தையும் தாண்டிப் போனது. எனக்கு மனசு கேட்கவில்லை. போய் ஜன்னல் வழியே பார்த்தேன். ஆதிரா வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தாள், பேனா நடுங்கியது. அவள் வைத்திருந்த இரண்டு பிஸ்கட்டும் மேற்பார்வை டீச்சரின் மேசையில் இருந்தன. பரீட்சை அறையில் தின்னக் கூடாதாம். அம்மாவுக்குக் கொடுத்த வாக்குக்காக ஏன் வேண்டும் என்று அவளும் சொல்லவில்லை. நான் உள்ளே போனேன். "எக்ஸாம் ஹால்ல நர்ஸுக்கு என்ன சோலி?" என்று டீச்சர் குறுக்கே வந்து நின்றார். "பிறகு சொல்லுகேன், இப்ப வழி விடுங்க" என்று அவரைத் தாண்டிப் போய் குளுக்கோஸ் தண்ணீரை ஆதிராவின் வாயில் வைத்தேன். கால் மணி நேரத்தில் தெளிந்தாள். விட்ட இடத்தில் இருந்து எழுதவும் செய்தாள்.

சாயங்காலம் வந்த அம்மாவிடம் நான் இனிப்பாகப் பேசவில்லை. "மறைச்சு வச்சா, கெட்டிக் குடுக்க பிள்ளை இருக்காது அக்கா" என்றேன். அழுதார். என்னைத் திட்டினார். ஆனால் அடுத்த வாரம் அவரே ஆதிராவைக் கூட்டிக்கொண்டு வந்து வகுப்பு வாசலில் நின்றார். ஆதிரா முன்னால் போய், தனக்கு என்ன நோய், தான் நடுங்கினால் மற்றவர்கள் என்ன செய்யவேண்டும் என்று குரல் தடுமாறாமல் சொல்லி முடித்தாள். அம்மா முந்தானையைக் கசக்கிக்கொண்டு நின்றார். பின் பெஞ்சில் இருந்து ஒரு குரல் கோபமாக வந்தது: "ஏட்டி, இத நேரத்தே சொல்லப்படாதா? எனக்க பையில எப்பவும் மிட்டாய் கெடக்குமே!"

ஒரே ஒரு வார்த்தை

ஜெபின் என்ற மாணவன் இடது மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தான். "விழுந்துட்டேன்" என்றான். விழுந்த கையில் கம்பின் தடம் மூன்று இருக்காது. கேட்டுக்கொண்டே இருந்தேன், கடைசியில் சொல்லிவிட்டான். அட்டை வைத்துக் கட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். எலும்பில் கீறல். ரிஜிஸ்டரில், 'கணக்கு ஆசிரியர் கம்பால் அடித்ததில் காயம்' என்று எழுதினேன். அவன் அம்மாவிடமும் அதையே சொன்னேன்.

தலைமை ஆசிரியர் கையில் ஒயிட்னரோடு வந்தார். "'விழுந்ததில் காயம்'னு ஒரே ஒரு வார்த்தை மாத்துங்க சிஸ்டர். நம்ம ஸ்கூலு பேரு." "மாத்தினா அடுத்த கையும் இங்கதான் சார் வரும்" என்றேன். "உங்க வேலைய ஒருக்கா யோசிச்சுப் பாருங்க" என்றார். "யோசிச்சாச்சு சார்" என்று சொல்லி, அவர் பார்க்கவே அதே வரியைக் கீழே இன்னொரு முறை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுத்து கோணலாகத்தான் இருக்கும், இப்போதும் பார்க்கலாம். விசாரணை வந்தது. கணக்கு ஆசிரியர் தங்கராஜ் சார் ஜெபின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். அவர் கையில் இருந்த கம்பு போயிற்று. ஸ்டாஃப் ரூமில் என்னோடு யாரும் பேசவில்லை. எல்லோருக்கும் வரும் டீ என் அறைக்கு மட்டும் வராது. ஃபிளாஸ்கில் வீட்டில் இருந்தே கொண்டுவரத் தொடங்கினேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம் தங்கராஜ் சார் என் அறை வாசலில் வந்து நின்றார். "தலை பாரமா இருக்கு" என்றார். உள்ளே வரச் சொன்னேன். ரத்த அழுத்தம் பார்த்தேன். நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தேன். அப்படியே படுக்க வைத்து ஆட்டோவுக்குச் சொன்னேன். பிரஷர் மாத்திரையை நிறுத்தி ஆறு மாசம் ஆயிற்றாம். பிள்ளையை அடித்ததற்கு அதுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், அவரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிற விவரத்தை எழுதுவதற்காக ரிஜிஸ்டரைத் திறந்தேன். அவர் படுத்தபடியே அதைப் பார்த்தார். சொன்னார்: "உள்ளத உள்ளபடி எழுதுங்க சிஸ்டர். மாத்திரைய நிறுத்தினது எனக்க தப்புன்னும் சேத்து எழுதுங்க."

இந்த சிஸ்டரிடம் மருந்து குறைவு, வாய் கூடுதல் என்று எங்கள் ஸ்டாஃப் ரூமில் இப்போதும் பேசிக்கொள்கிறார்களாம். பிள்ளைகளின் உடம்புக்கு இரண்டில் எது அதிகம் தேவைப்படுகிறது என்று என்னிடம் இதுவரை யாரும் கேட்கவில்லை.