ஆர்தர் சாப்பிட்டாரா?

1. ஒயரைப் பிடித்த முதலாளி

நான் வேலை பார்த்தது கோயமுத்தூரில், கணபதிப் பக்கம் ஒரு பம்ப் கம்பெனியில். வாசலில் எக்ஸ்போர்ட் செக்‌ஷன் என்று பெரிதாகப் பலகை இருக்கும், உள்ளே நான் ஒருத்திதான் இருப்பேன். தொண்ணூறுகளின் கடைசியில் எங்களுக்கு இன்டர்நெட் வந்தது. கம்பெனியில் இருந்த ஒரே போன் லைனில்தான் அதுவும் ஓட வேண்டும். நான் மெயில் பார்க்க உட்கார்ந்தால், வெளியிலிருந்து யாரும் எங்களிடம் பேச முடியாது.

ஒரு நாள் காலை முதலாளி என் மேஜைக்கு வந்து மோடம் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க அம்மணி, பொள்ளாச்சி டீலரு நேத்து பூராவும் போன் அடிச்சாராமா. லைன் எங்கேஜாவே இருந்துச்சாமா. அப்புடி என்னதானுங்க பண்றீங்க இதுல?"

"கஸ்டமருக்குப் பதில் எழுதறனுங்க."

பிரின்டரிலிருந்து தொங்கிக்கொண்டிருந்த தாளை அவர் கிழித்து எடுத்துப் படித்தார். ஸ்காட்லாந்திலிருந்து ஆர்தர் என்பவர் எழுதியது. அன்று காலை ரொட்டியும் இரண்டு முட்டையும் சாப்பிட்டதாகவும், அதில் ஒரு முட்டை சரியாக வேகவில்லை என்றும் எழுதியிருந்தது.

"இவரு நம்மகிட்ட எத்தன பம்ப் எடுத்திருக்காருங்க?"

"பம்ப் எடுக்கற ஆளில்லீங்க."

"பின்ன நாம முட்ட யாவாரமா பண்றமுங்க?"

மாதக் கடைசியோடு இன்டர்நெட்டை நிறுத்திவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். சொன்னால் செய்கிற மனுஷன். நான் டிஸ்பாட்சுக்குப் போய்ப் பெட்டிக்கு லேபிள் ஒட்ட வேண்டியதுதான். அதுகூடப் பரவாயில்லை. ஆர்தருக்கு இனி யார் எழுதுவது என்பதுதான் என் கவலை.

2. சத்தங்களுக்கு ஒரு வெப்சைட்

ஆர்தர் அவருடைய ஊர்க் குடிநீர் நிலையத்தில் பம்ப் ஆப்பரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பம்புகள் போடும் சத்தங்களுக்கென்றே ஒரு வெப்சைட் நடத்தினார். பேரிங் போனால் ஒரு சத்தம், ஷாஃப்ட் வளைந்தால் ஒரு சத்தம் என்று வரிசையாக வைத்திருப்பார். நாம் கிளிக் செய்தால் கேட்கலாம். ஒரு சத்தம் இன்டர்நெட்டில் இறங்கி முடிவதற்குள் நான் டிபன் பாக்ஸைக் கழுவிக் காயவைத்துவிடுவேன்.

நான் பி.காம். பம்ப் விஷயத்தில் எனக்குத் தெரிந்தது விலை மட்டும். வெளிநாட்டிலிருந்து வரும் கம்ப்ளைன்டுகளுக்குப் பதில் எழுத அந்த வெப்சைட்தான் எனக்கு டியூஷன். அதனால் ஒரு நாள் நன்றி சொல்லி மெயில் போட்டேன். எங்கள் பக்கத்தில் எடுத்த எடுப்பில் விஷயத்துக்குப் போனால், வளர்ப்புச் சரியில்லை என்பார்கள். எனவே, "ஐயா, சாப்பிட்டீர்களா?" என்று இங்கிலீஷில் ஆரம்பித்திருந்தேன்.

நம் ஊரில் இதற்கு "ஆச்சுங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அவர் அதை நிஜமான கேள்வியாக எடுத்துக்கொண்டார். சூப்பில் ஆரம்பித்து, தொட்டுக்கொண்டது வரை எழுதிவிட்டு, "நீங்கள்?" என்று கேட்டிருந்தார். நானும் விடவில்லை. கொள்ளுப் பருப்பும் சோறும் என்று எழுதினேன். கொள்ளு இங்கே குதிரைக்கும் போடுவது என்று விளக்கியதற்கு, குதிரைக்கு மிச்சம் வைத்தீர்களா என்று கேட்டார்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒரு மெயிலில் அவர் எழுதியிருந்தார்: "மனைவி இறந்தபிறகு என்னிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. நீங்கள் கேட்பதால்தான் அடுப்பைப் பற்றவைக்கிறேன். இல்லாவிட்டால் உங்களுக்கு எழுத ஒன்றும் இருக்காதே." காரமடை பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது எனக்கு அழுகையாக வந்தது.

அடுத்த வாரம் அவர் தன் வெப்சைட்டில் ஒரு விதி போட்டார். சந்தேகம் கேட்பவர்கள் யாராக இருந்தாலும், முதலில் தாங்கள் என்ன சாப்பிட்டோம் என்று சொல்ல வேண்டும். உலகம் முழுவதிலும் இருந்து இன்ஜினியர்கள் தங்கள் சாப்பாட்டை ஒப்பித்துவிட்டு, பிறகு பம்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

3. மண்ணைத் தின்னத் தயாரான பழனிச்சாமி அண்ணன்

மாதக் கடைசி நெருங்கும்போது உகாண்டாவிலிருந்து ஒரு ஃபேக்ஸ் வந்தது. சாம்பிளாக நாங்கள் அனுப்பிய பம்ப் ஓடும்போது உள்ளே கல் உருளும் சத்தம் கேட்கிறதாம். பம்பை வார்க்கும்போது உள்ளே தங்கிய மண்ணைச் சுத்தம் செய்யாமலே அனுப்பிவிட்டோமாம். ஏரிக்குப் பக்கத்தில் இருந்த அவர்கள் தோட்டத்துக்காக ஒரு கன்டெய்னர் பம்ப் ஆர்டர் பேசியிருந்தார்கள். அது கேன்சல் என்று எழுதியிருந்தது.

முதலாளி ஃபேக்ஸோடு, பம்பை வார்க்கும் ஃபவுண்டரிக்கு நடந்தார். நானும் பின்னால் ஓடினேன். அங்கே ஃபோர்மேன் பழனிச்சாமி அண்ணனுக்கு முகம் சுண்டிவிட்டது.

"தட்டித் தட்டிப் பாத்துத்தானுங்க அனுப்புனேன். உள்ள மண்ணு இருந்துச்சுன்னா இங்கியே உக்காந்து நானே தின்னுபோடறனுங்க."

"நீங்க தின்னுபோட்டா ஆர்டர் திரும்பி வருமுங்களா?" என்றார் முதலாளி.

அண்ணன் அன்று மதியம் சாப்பாட்டு மூட்டையைப் பிரிக்கவே இல்லை.

மறுநாள் ஆர்தரின் வெப்சைட்டைத் திறந்தால், உகாண்டாவிலிருந்து ஜோசப் என்றொரு இன்ஜினியர் அதே சத்தத்தைப் பற்றிக் கேட்டிருந்தார். எங்கள் பம்பேதான். விதிப்படி சாப்பாட்டையும் எழுதியிருந்தார்: "ஏரிக்கரையில் வேகவைத்த வாழைக்காயும் நிலக்கடலைக் குழம்பும் சாப்பிட்டேன். மேலே இருக்கும் பம்ப் ரூமுக்கு ஏறி வருவதற்குள் மறுபடி பசித்துவிட்டது. அதனால் மேலே வந்து இன்னொரு முறை சாப்பிட்டேன்."

எனக்கு பம்ப் கண்ணில் படவில்லை, சாப்பாடுதான் பட்டது. உடனே ஆர்தருக்கு எழுதினேன்: "ஐயா, சாப்பிட்டீர்களா? இந்த ஜோசப் தம்பி மதியம் இரண்டு தடவை சாப்பிடுகிறார். வயிற்றில் ஏதாவது கோளாறாக இருக்குமோ?"

பதில் வந்தது: "மீன் சாப்பிட்டேன். கோளாறு வயிற்றில் இல்லை. தண்ணீர் கீழே ஏரியில் இருக்கிறது. பம்ப் எங்கே இருக்கிறது? ஏறி வந்தால் பசிக்கிற உயரத்தில் இருக்கிறது."

அதற்குக் கீழே விளக்கமும் இருந்தது. பம்ப் ஓர் அளவுக்கு மேல் ஆழத்திலிருந்து தண்ணீரை இழுக்காது. மீறி இழுத்தால் குமிழிகள்தான் வரும். அவை உள்ளே உடையும் சத்தம் கல் உருள்வது போலவே கேட்கும். மண்ணும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

முதலாளி அந்தத் தாளை நின்றபடியே படித்துவிட்டு, பிறகு உட்கார்ந்து ஒரு முறை படித்தார்.

"இதயெல்லாம் அவரு சோத்த வெச்சா கண்டுபுடிச்சாருங்க?"

"ஆமாங்க."

பம்பைக் கீழே ஏரிக்கரைக்கு இறக்கிப் பாருங்கள் என்று உகாண்டாவுக்கு ஃபேக்ஸ் போனது. சத்தம் நின்றது. ஆர்டரும் நின்றது, அதாவது எங்களிடமே நின்றது. இப்போதெல்லாம் ஒரு தடவைதான் சாப்பிடுகிறேன் என்று ஜோசப் வெப்சைட்டில் எழுதினார். பழனிச்சாமி அண்ணனோ அன்று இரண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டார். அதில் ஒன்று என்னுடையது.

4. ஒயரைப் பிடுங்கிய முதலாளி

மாதக் கடைசி வந்தது, போனது. லைனைப் பற்றிப் பேச்சே இல்லை. தினமும் மதியம் டீ வரும் நேரத்துக்கு முதலாளி என் மேஜைப் பக்கம் வருவார். "ஆர்தரு இன்னைக்கு என்னங்க சாப்பிட்டாரு?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

ஒரு நாள் வந்த மெயிலில் ஒரு வரிதான் இருந்தது: "இன்று சாப்பிடவில்லை. நேற்றும் இல்லை. பிடிக்கவில்லை."

நான் படித்துச் சொன்னேன். முதலாளி டீயைக் கீழே வைத்தார். நேராக வந்து மோடம் ஒயரை வெடுக்கென்று பிடுங்கினார். லைனை நிறுத்துகிறார் என்றே நினைத்தேன். போனை எடுத்து அதே இடத்தில் சொருகினார்.

"நம்பரு இருக்குதுங்களா?"

"வெப்சைட்டுல போட்டிருக்காருங்க. ஆனா ஐ.எஸ்.டி. பில்லு எகிறிருமுங்க…"

"தெரியுமுங்க. போடுங்க."

அங்கே அப்போதுதான் காலை. மணி வெகு நேரம் அடித்தது. முதலாளிக்கு இங்கிலீஷ் பேச அவ்வளவாக வராது. வந்ததை வைத்து, ஸ்காட்லாந்துக்கு நேராகவே கேட்கும்படி கத்தினார். "ஹலோ சார்! கோயமுத்தூர், பம்ப் கம்பெனி! ஈட் சார்! ப்ளீஸ் ஈட்!" பிறகு வெகு நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது, ஆனால் கண் கலங்கியிருந்தது. கடைசியில் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"முட்ட இருக்குதாமா. அடுப்பப் பத்த வெக்கப் போயிருக்காரு."

"அப்ப போனை வெச்சிரலாமுங்களா?"

"இருங்க அம்மணி. போன தடவ சரியா வேகலீன்னாரு. வெந்துருச்சான்னு கேட்டுட்டு வெக்கறேன்."

இன்று கஸ்டமர் சப்போர்ட் என்று ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். சாப்பிட்டீர்களா என்று கேளுங்கள். கேட்டால், பதில் வந்து முடியும்வரை காது கொடுங்கள்.

ஸ்காட்லாந்துக்குப் போன் போட்ட மறுநாள் பொள்ளாச்சி டீலர் நேரிலேயே வந்துவிட்டார். நேற்று மதியம் லைன் முழுக்க எங்கேஜாக இருந்தது என்று முதலாளியிடம் சத்தம் போட்டார். முதலாளி அவரை உட்காரச் சொல்லிவிட்டு, "மொதல்ல சாப்புட்டீங்களா, சொல்லுங்க" என்றார்.