செப்புத் தகடு

கருவடிக்குப்பத்தில் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குத் தெய்வசிகாமணி தன் கையாலேயே வயரிங் செய்து கொடுத்தார். மில்லில் இருபது வருஷம் மோட்டார் பார்த்த வயர்மேன் அவர். ஊரில் பாதிப் பேர் மூன்றாவது வயரான எர்த்தை வெட்டி எறிந்துவிட்டு அயர்ன் பாக்ஸ் ஓட்டிக்கொண்டிருந்த காலம் அது. எண்பத்து நாலில் மகள் ஆதிலட்சுமிக்குச் சீர்வரிசையாகக் கிரைண்டர் வாங்கித் தந்தபோது, வீட்டின் ஈசானி மூலையில் ஆளுயரப் பள்ளம் வெட்டி, செப்புத் தகட்டை இறக்கி, கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு மூடி எர்த் கொடுத்தார். கிரைண்டரில் கரண்ட் கசிந்தாலும் ஆளை விட்டுவிட்டு மண்ணுக்குள் போய்விடும்.

அவர் செய்த ஒரே தப்பு, சம்பந்தியம்மா ஆயம்மா ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து அந்த வேலையை முடித்ததுதான்.

மறு வருஷம் மாப்பிள்ளை வடிவேலுக்கு மஞ்சள் காமாலை. அவன் தேறுவதற்குள் கறவை மாடு செத்தது. ஆயம்மா குறி கேட்கப் போனாள். வீட்டு மூலையில் எதையோ புதைத்திருக்கிறது என்றான் குறிகாரன். தோண்டினால் கரி, உப்பு, செப்புத் தகடு! செய்வினைக்கு வேறு என்ன அத்தாட்சி வேண்டும்? எல்லாவற்றையும் கடலில் வீசிவிட்டுத் தலைமுழுகினார்கள். சம்பந்தி இனி வாசற்படி மிதிக்கக் கூடாது என்று சொல்லியனுப்பினார்கள்.

தெய்வசிகாமணிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. இரண்டு மாசம் கழித்துப் பெரிய மார்க்கெட்டில் ஆதிலட்சுமியைப் பார்க்கும்வரைதான் அந்தச் சிரிப்பு. மாமியாருக்குத் தெரியாமல் அவசர அவசரமாகப் பேசினாள்.

"ஒரு வாரமா கிரைண்டரத் தொட்டா கை சுர்ருங்குதுப்பா. நேத்து தூக்கியே போட்டுடுச்சு."

அவர் அவள் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"இனிமே அதத் தொடாதம்மா. ஆட்டுக்கல்லுல அரை."

"அத்தை வுடணுமே!" என்றபடி கூட்டத்தில் ஓடிவிட்டாள்.

அன்றைக்கே வடிவேல் வேலை செய்யும் கடைக்குப் போனார். மோட்டாரில் ஈரம் இறங்கிவிட்டது, எர்த்தும் இல்லை, ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கிறவள் செத்துப்போவாள் என்று படித்துப் படித்துச் சொன்னார்.

"வாங்கிக் குடுத்ததும் நீங்க, தொடாதன்றதும் நீங்களா? போய் வேலயப் பாருங்க மாமா."

பி.காம். படித்த மாப்பிள்ளை! உள்ளதைச் சொன்னால் இந்த ஊரில் ஒரு நாயும் காது கொடுப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தெய்வசிகாமணி கைவண்டியோடு அந்த வீட்டு வாசலில் போய் நின்றார். தெருவே கூடிவிட்டது.

"ஆமாம்மா, நாந்தான் வச்சேன்," என்றார் ஆயம்மாவிடம். "தகட்டுல மட்டுமில்ல, கிரைண்டர்லயும் வச்சிருக்கேன். குடுத்துடுங்க, எடுத்துக்கினு போயிடறேன்."

முதன்முறையாக அவர் வார்த்தையை ஆயம்மா அப்படியே நம்பினாள். கற்பூரம் ஏற்றினாள். இனிமேல் இந்தக் குடும்பத்துக்கு எதுவும் வைப்பதில்லை என்று அதை அடித்துச் சத்தியம் செய்தார். வடிவேல் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கி, ஆள் வைத்துக் கிரைண்டரைத் தெருவுக்குத் தள்ளினான். வண்டியில் ஏற்றிக் கட்டும்போது, மகள் பிழைத்தாள் என்ற நிம்மதியில் அவருக்குக் கண் கலங்கியது.

நிமிர்ந்தால் ஆதிலட்சுமி எதிரே நின்றாள். அவளாவது புரிந்துகொண்டிருப்பாள் என்று நினைத்தார்.

"அன்னிக்கு அதத் தொடாதன்னியே, இதுக்குத்தானா? பெத்த பொண்ணுக்கேவா வச்ச? நான் ஒனக்கு இன்னாப்பா பண்ணேன்?"

தெருவே கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் கிரைண்டர் மறுபடி உள்ளே போய்விடும். அவர் தலையைக் குனிந்துகொண்டு வண்டியைத் தள்ளினார்.