பானை எடுத்த குழி

புதிய கற்காலத்து மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்ற பாடத்தை ஐந்தாம் வகுப்புக்கு நான் முப்பது வருடம் நடத்தியிருக்கிறேன். புத்தகத்தில் அது ஒன்றரைப் பக்கம். வட்டமான குடிசை, வழவழப்பான கல் கோடரி, கையால் வனைந்த பானை, ஆடு மாடு. பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். நான் மட்டும் அந்த ஒன்றரைப் பக்கத்தை இரண்டு நாள் இழுப்பேன். அந்தக் காலத்து வீடு ஒன்றுக்குள் நான் போய் உட்கார்ந்திருக்கிறேன். அடுப்பு எங்கே இருந்தது, வாசல் எந்தப் பக்கம் பார்த்தது என்றுகூட என்னால் சொல்ல முடியும்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. நாட்டை வெள்ளைக்காரன் ஆண்டுகொண்டிருந்தான் என்று பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். கொல்லிமலையில் எங்கள் வாழவந்தி நாட்டுக்கு ரோடு கிடையாது. பேளுக்குறிச்சிச் சந்தைக்கு விடியலில் இறங்கினவர்கள் மறுநாள்தான் ஏறி வருவார்கள். உப்பும் ஊர்க்கதையும் அவர்களோடுதான் மேலே வரும்.

அப்பாவும் சித்தப்பாவும் ஒரே கூரைக்குக் கீழ் இருந்தார்கள். ஐப்பசி அடைமழையில் சின்னம்மாவுக்கு, அதாவது சித்தப்பாவின் மனைவிக்கு, ஒரு ஆண் குழந்தை பிறந்து பதினோரு நாள் இருந்துவிட்டுப் போய்விட்டது. பேர்கூட வைத்திருக்கவில்லை. எங்கள் வழக்கத்தில் அடக்கம் செய்கிற இடத்துக்குப் பெண்கள் போகக்கூடாது. அப்பாவும் சித்தப்பாவும் பழந்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மழையோடு போனார்கள், நனைந்து திரும்பினார்கள். எங்கே வைத்தீர்கள் என்று சின்னம்மா கேட்டதற்கு, "தெரிஞ்சு என்ன பண்ணப்போற, உடு" என்று சித்தப்பா சொல்லிவிட்டார். மனுஷர் தங்கமானவர்தான். பிள்ளையை மறக்கடிக்க அதுதான் வழி என்று நம்பினார்.

சின்னம்மா மறக்கவில்லை. அழவும் இல்லை. "அந்த ஊட்டுல இனி என்னால படுக்க முடியாதுங்க" என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். அதனால்தான் தை பிறந்ததும் சாமை விதைக்கிற மேட்டில் புது வீடு கட்டச் சித்தப்பா குழி தோண்ட ஆரம்பித்தார்.

மூன்றாவது குழியில் கடப்பாரை 'ணங்'கென்றது. பாறையும் இல்லை, வெறும் மண்ணும் இல்லை. யாரோ இடித்து மெழுகிய சிவப்புத் தரை, முழங்கால் ஆழத்தில். பக்கத்தில் கரி, சாம்பல், கறுத்துப்போன மூன்று கல். சாமைக் காட்டுக்குள் யாருடைய தரை இது என்று ஊரே வந்து பார்த்தது. செய்தி சந்தைக்கு இறங்கியது. அடுத்த வாரம் சந்தைக்காரர்களோடு அரை டிராயர், குடை, தகரப் பெட்டி சகிதம் ஒருவர் மலையேறி வந்துவிட்டார்.

அவர் சேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார். பழைய கல்லையும் பானை ஓட்டையும் தேடி அலைவது அவருக்கு லீவுநாள் வேலை. அரை டிராயர் போட்டவரெல்லாம் சர்க்கார் ஆள் என்று எங்கள் ஊரில் ஒரு கணக்கு உண்டு. ஆகவே சித்தப்பா வாயைத் திறக்காமல் இடத்தை விட்டுக்கொடுத்தார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை என்று அப்பாவிடம் மட்டும் முனகினார். பங்குனிக்குள் கூரை ஏறாவிட்டால் அப்புறம் அடுத்த வருடம்தான். சின்னம்மா அதுவரை எங்கே படுப்பாள்? மூன்று மாதமாக அவள் மாட்டுக்கொட்டகையில்தான் பாய் போட்டாள்.

வந்தவருக்கு ஊர் உடனே குழியய்யா என்று பேர் வைத்தது. அவர் மண்ணை வெட்டவில்லை, துடைப்பத்தைவிடச் சின்ன ஒரு பிரஷ்ஷால் கூட்டினார். பெண்கள் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. காலையில் கஞ்சி குடித்த கையோடு ஓடிப்போய்க் குழியோரம் உட்கார்ந்துவிடுவேன். கேட்டது கேட்டபடி இருப்பேன். இது என்னங்க, அது ஏனுங்க, அவிய சோறு தின்னாங்களா, சாமி கும்பிட்டாங்களா, புள்ளைங்க வெளையாடுச்சா. அம்மா என்னைப் பற்றி, 'வாய்க்குப் பூட்டுப் போட ஆசாரி இன்னும் பொறக்கல' என்பாள். குழியய்யாவோ ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றார். பெரியவர் ஒருவர் தெரியாது என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

நாலைந்து நாளில் ஒரு வீடு மண்ணுக்குள்ளிருந்து வெளியே வந்தது. சிவப்புத் தரையின் விளிம்பில் கறுப்புக் கறுப்பாக வட்டங்கள். அவை கம்பு நட்ட குழிகள், கம்பு மக்கிப்போய் நிறம் மட்டும் நிற்கிறது என்றார். நான் எண்ணினேன், பதினாறு. நடுவில் அடுப்பு. ஒரு பக்கம் குழிந்துபோன அரைக்கிற கல். கருகிய தானியம் ஒரு பிடி. இரும்பையே அறியாத சனங்களாம், ஆயிரக்கணக்கான வருடம் ஆயிற்றாம். எனக்கு ஆயிரம் புரியவில்லை. ஆனால் அடுப்பு எங்கள் அடுப்பு மாதிரியே இருந்தது.

வாசல் எந்தப் பக்கம் என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. குச்சியால் அளந்தார், நோட்டில் வரைந்தார், அழித்தார். தண்ணீர் கொண்டுவந்த சின்னம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வாசல் கெழக்காலதானுங்க" என்றாள்.

"எப்படிம்மா சொல்றே?"

"ஆடிக்காத்து மேக்க இருந்து அடிக்கும். அந்தப் பக்கம் வாசல் வெச்சா அடுப்பு எரியுமுங்களா? அரைக்கிற கல்லையும் பாருங்க, வெளிச்சத்துக்கு வாசலைப் பாத்துத்தான் போட்டிருக்கறா."

குழியய்யா கிழக்கே போய்க் குனிந்து பார்த்தார். அந்த இடத்தில் தரை தேய்ந்து பள்ளமாக இருந்தது, காலடி பட்டுப் பட்டு. அவர் நோட்டை எடுத்துக் கிழக்கே ஒரு வாசலை வரைந்தார். அதற்குப் பிறகு எதையும் சின்னம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதினார். சின்னம்மாவும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டின கையோடு தினமும் வந்தாள். ஐப்பசிக்குப் பிறகு அவள் இவ்வளவு பேசியது அந்தக் குழியோரத்தில்தான்.

ஏழாம் நாள் அடுப்புக்குப் பக்கத்தில் தரைக்குள் ஒரு பானை தெரிந்தது. வாய்க்கு மேல் ஒரு சட்டி கவிழ்த்திருந்தது. "மூடி வெச்சிருக்கறாங்க!" என்று சித்தப்பா ஒரே தாவலில் வந்துவிட்டார். அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். மூடி வைத்தால் புதையல்தானே. குழியய்யா சட்டியை மெல்ல எடுத்தார். உள்ளே மண். மண்ணுக்குள் மெலிந்த குச்சிகள் மாதிரி எலும்புகள், கோழிக்குஞ்சுடையதோ என்று நான் நினைத்தேன். குழியய்யா பெருமூச்சு விட்டு, "பச்சைக் குழந்தை. பிறந்து ஒரு மாதம்கூட இருக்காது" என்றார்.

சித்தப்பா முகம் விழுந்துவிட்டது. புதையல் போனால் போகிறது, வீடும் போய்விடும் போலிருந்தது. எலும்பு கிடந்த மண்ணில் ஊர்க்கவுண்டர் முதல் கம்பு நட மாட்டார். அவர் நடாமல் எங்கள் ஊரில் யாரும் வீடு கட்ட முடியாது. "சாமி, காதும் காதும் வெச்ச மாதிரி இதைக் கட்டி எடுத்துக்கிட்டுப் போயிருங்க, புண்ணியமாப் போகும்" என்று குழியய்யாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் அதுதான் வேண்டியிருந்தது. பெட்டியில் வைக்கோல் பரப்ப ஆரம்பித்தார்.

சின்னம்மா மட்டும் நகரவில்லை.

"ஊட்டுக்குள்ளயேங்களா பொதச்சாங்க?"

"ஆமாம்மா. சின்னக் குழந்தையாக இருந்தால் அப்படிச் செய்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது."

"அதும் பக்கத்துலயே அடுப்பு மூட்டிச் சோறாக்குனாளுங்களா?"

"ஆக்கியிருப்பாள்."

"பெத்தவளுக்குத் தெரியுமுங்களா, இங்கதான் இருக்குதுன்னு?"

குழியய்யாவுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "அவள் வீட்டுத் தரைதானேம்மா. அவள்தான் மேலே மண் போட்டு மெழுகியிருப்பாள்" என்றார். சின்னம்மா தலையாட்டிக்கொண்டு, காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் பானை வைக்கோலுக்குள் படுத்து மலையிறங்கியது. குழியய்யா என் தலையைத் தடவி, அடுத்த வருடம் வருவதாகச் சொன்னார். சித்தப்பா மஞ்சள் தண்ணீர் தெளித்து, எலுமிச்சம்பழம் அறுத்து, மண் சுத்தமாயிற்று என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். பானை எடுத்த பள்ளம் மட்டும் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அதை மூடுகிற வேலை தன்னுடையது என்று சின்னம்மா சொன்னாள். வீட்டு வேலையில் அவளுக்கு ஆசை வந்துவிட்டதே என்று சித்தப்பாவுக்குச் சந்தோஷம்.

அன்று மத்தியானம் அவள் என்னைக் கொட்டகைக்குப் பின்னால் கூப்பிட்டாள்.

"கண்ணு, தம்பிய எங்க வெச்சாங்கன்னு உனக்குத் தெரியுமல்ல?"

ஐப்பசி மழையில், வராதே என்று சொன்ன பாவத்துக்காகவே, அப்பாவுக்குப் பின்னால் மறைந்து மறைந்து போயிருந்தேன். தெரிந்தால் தோல் உரிந்துவிடும் என்று யாரிடமும் சொல்லவில்லை. தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"அடிக்க மாட்டாங்க சாமி. நான் சொல்ல மாட்டேன். உனக்குத் தெரியாத எடம் இந்த ஊர்ல ஏது" என்றாள். என் தாடையைப் பிடித்த பிடியை அவள் விடவில்லை.

கூட்டிப்போனேன். ஓடைக்கரையில், ஒரு வளைவு தாண்டி, பெரிய கல்லும் அதன் மேல் நரி தோண்டாமல் இருக்கப் போட்ட முள்ளும். சின்னம்மா இடுப்பிலிருந்த கூடையை இறக்கினாள். பள்ளம் மூட மண் எடுக்க வந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. "இது பூராவும் பருக்கைக் கல்லு சின்னம்மா. தரைக்கு ஏரி மண்ணுதான் நல்லாப் புடிக்கும், அதும் பக்கத்துலயே இருக்குது" என்று பெரிய மனுஷியாட்டம் சொன்னேன்.

"இருக்கட்டும் கண்ணு. நீ அந்த மேட்டுல போயி மடி நெறைய நெல்லிக்கா பொறுக்கிட்டு வா. மெதுவா வா."

நான் மெதுவாகவே வந்தேன். கூடை நிறைந்திருந்தது. மேலே அவள் முந்தானையைக் கிழித்துப் போர்த்தியிருந்தாள். முழங்கை வரைக்கும் மண். முள் பழைய இடத்தில் இருந்தது, கல் மட்டும் கொஞ்சம் திரும்பியிருந்தது. வழியில் எந்தச் சுமையையும் பாதி தூரத்தில் என் தலைக்கு மாற்றிவிடுகிறவள், அன்று கூடையைத் தொடக்கூட விடவில்லை. தலையில் வைக்காமல் இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். சுமை தப்பிய சந்தோஷத்தில் நான் நெல்லிக்காய் தின்றுகொண்டே முன்னால் ஓடினேன். அந்தக் கூடையில் மண் மட்டும் இருக்கவில்லை என்று எனக்கு விளங்குவதற்கு, இன்னும் பதினைந்து வருடமும் என் வயிற்றில் ஒரு பிள்ளையும் வேண்டியிருந்தன.

பள்ளத்தை அவளே நிரப்பினாள். ஊர்க்கவுண்டர் வந்து முதல் கம்பு நட்டார், வெற்றிலை போட்டார், போனார். தரை இடிக்க ஊர்ப் பெண்கள் எல்லாரும் வந்தார்கள். அந்த ஒரு இடத்தில் மட்டும் சின்னம்மா இடிகட்டையை விடவில்லை, உள்ளங்கையால் தட்டித் தட்டி மெழுகினாள். "இப்படித் தட்டுனா எப்படிக் கெட்டிப்படும்?" என்று அம்மா கேட்டாள். "படுமுங்கக்கா" என்றாள். பங்குனி முடிவதற்குள் கூரை ஏறியது. வாசல் கிழக்கே. முதல் நாளே சின்னம்மா பாயைக் கொட்டகையிலிருந்து சுருட்டி எடுத்துக்கொண்டு போய் அடுப்புக்குப் பக்கத்தில் விரித்து, விடிந்தது தெரியாமல் தூங்கினாள். சித்தப்பா அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அடுத்த கோடையில் குழியய்யா சொன்னபடி வந்தார். புது வீட்டுக்குள் போய் அளவு நாடாவைப் போட்டு, பானை இருந்த இடத்தைச் சரியாகக் கண்டுபிடித்து, அதன் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். சின்னம்மா அவருக்குச் சாமைச் சோறு வைத்து மொச்சைக் குழம்பு ஊற்றினாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே எனக்குப் பாடம் நடத்தினார்.

"பெற்ற பிள்ளையை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்கிற வழக்கம். பார் பாப்பா, அது மலையைவிட்டே போய்விட்டது. ஆயிரக்கணக்கான வருடத்துக்கு முன்னாலேயே அற்றுப்போன வழக்கம்."

"ஆமாங்க" என்றாள் சின்னம்மா.

எனக்கும் ஏதாவது தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. "நீங்க பானை எடுத்த குழிய நாங்கதானுங்க மூடினோம். ஓடக்கரை மண்ணு. நானும் போயிருந்தேன்" என்றேன். சின்னம்மாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

குழியய்யாவுக்கோ பரம திருப்தி. இதெல்லாம் குறித்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பிற்காலத்தில் தோண்டுகிறவன் குழம்பிப்போவான் என்று சொல்லி, இடது கையால் நோட்டை எடுத்து, 'குழி ஓடை மண்ணால் நிரப்பப்பட்டது' என்று எழுதிக்கொண்டார்.

சின்னம்மா இன்னொரு கரண்டிக் குழம்பை ஊற்றினாள்.

"சாமி, கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி உக்காருங்க. அந்த எடம் இன்னும் காயலீங்க."

அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தட்டோடு நகர்ந்தார். தரை போட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. குனிந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். நன்றாகக் காய்ந்து கெட்டிப்பட்டிருந்தது. அதை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லவும் செய்தேன்.